நோயும் நோய்முதலும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாகனப் பழுதறியும் கலையின் வரலாறு

மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அந்நோய்க்கு முதலாய் நின்றதையும் வேறுபிரித்து ஆராயுமாறு வள்ளுவர் பணித்துள்ளார். நோய் வெளியே தோன்றுவது. நோய்முதல் உள்ளே மறைந்திருப்பது. தோன்றுவதைக் கொண்டு மறைந்திருப்பதை அறிதலே மருத்துவனின் புலமையாகும். இவ்வுண்மை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் ஆக்கிய பொறிகளுக்கும் இது பொருந்தும். பொறி பழுதுபடும்போது அதன் ஓசை மாறுகின்றது, நடுக்கம் தோன்றுகின்றது, வலிமை குன்றுகின்றது. இவை யாவும் நோய்கள். இவற்றுக்குக் காரணமாவது எங்கோ அறுந்த ஒரு வயராகவோ, களிம்பேறிய ஓர் இணைப்பியாகவோ இருக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் அரசியல், கல்வி, இலக்கியம், சமயம் ஆகியவற்றையே பெரிதும் நோக்குவர். வாகனத் திருத்துமிடங்களில் எண்ணெய் படிந்த கைகளோடு நின்றவர்களின் அறிவு வரலாற்று நூல்களுள் இடம்பெறுவது அரிது. ஆயினும், ஒரு சமூகம் இடர்ப்பட்ட காலத்தில் அதன் போக்குவரத்து முற்றாக நின்றுவிடாது காத்தது அவ்வறிவேயாகும். ஒஸ்ரின் கார்களின் காலந்தொட்டு மின்வாகனங்களின் மோட்டர் உணரிகள்வரை அவ்வறிவு வளர்ந்த வழியையும், இன்று அது எதிர்நோக்கும் சோதனையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவியும் கையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டின் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்களே. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்பேட் ஆகியன வாடகைக் கார்களாகவும் குடும்பக் கார்களாகவும் விளங்கின. 1960களில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு உள்ளானபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டு பொருளாதாரக் கொள்கை மாற்றமடையும்வரை பழைய கார்களைப் பேணிக் காப்பதே நாடெங்கும் வழக்கமாயிற்று. உதிரிப்பாகம் கிடைக்காவிடின் கடைசல் பொறியில் அதனைச் செய்துகொள்ளும் வழக்கமும் இக்காலத்தில் வேரூன்றியது.

அக்காலத் திருத்துநரின் கருவிகள் எளியவை. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின்மேல் வைத்துப் பிடியைக் காதோடு பொருத்தி உள்ளோசையைக் கேட்பர். மருத்துவர் நெஞ்சொலி கேட்பதற்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடில்லை. எஞ்சின் ஒழுங்கின்றி ஓடினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பர். ஒரு வயரைக் கழற்றியதும் ஓட்டம் மேலும் தளர்ந்தால் அந்த உருளை நன்றாக வேலை செய்தது என்பது பொருள். கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையாயின் குறை அவ்வுருளையிலேயே உள்ளது. எஞ்சின் இயங்காவிடின் முதலில் பொறி பறக்கின்றதா என்று நோக்குவர். பறந்தால் எரிபொருள் வரும் வழியை ஆராய்வர். இவ்வாறு ஐயத்துக்குரிய பரப்பைப் பாதி பாதியாகக் குறைத்துச் செல்வது தருக்க முறையாகும். அதனைக் கையாண்டோர் அதற்குப் பெயரிடவில்லை, எழுதி வைக்கவுமில்லை. குருவின் அருகில் நின்று மாணவன் கண்டு கற்ற கல்வியாகவே அது தொடர்ந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள்ளானது. பெற்றோலும் உலர் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. தேசிய மின் வலையமைப்போடு இருந்த தொடர்பும் அறுந்தது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் வாகனத்துக்கும் ஆதாரமாயிற்று.

பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுதல் எளிதன்று. மண்ணெண்ணெய் குளிர்நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதில் முன்னதாகவே வெடித்தெரியும் இயல்பினது. எனவே பொறி பறக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டியிருந்தது. அமுக்க விகிதம் குறைந்த பழைய பிரித்தானியக் கார்கள் இம்மாற்றத்தைத் தாங்கின. பிற்காலத்து உயர் அமுக்க எஞ்சின்களுக்கு அது எளிதாயிருக்கவில்லை. முதியவை எனக் கருதப்பட்ட கார்களே இடர்க்காலத்தில் பெரிதும் உதவின என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மாற்றம் புதிய நோய்களையும் தோற்றுவித்தது. பிளக்குகளிற் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே கசிந்து மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. எஞ்சின் வலிமை குன்றியபோது அது வளையங்களின் தேய்வினாலா, கரி படிந்த பிளக்கினாலா, பொறி நேரத்தின் பிழையினாலா என்று ஆராய வேண்டியிருந்தது. ஒரே நோய்க்குப் பல முதல்கள் இருந்தன. உதிரிப்பாகம் அரிதாகையால், ஐயப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் இருக்கவில்லை. சரியாக அறிந்தபின்னரே கழற்றுதல் வேண்டும் என்னும் ஒழுக்கத்தை வறுமையே கற்பித்தது எனலாம்.

இதே காலத்தில் சைக்கிள் டைனமோ வீட்டுக்குரிய மின்னிலையமாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதிலிருந்து பெற்ற மின்னால் மக்கள் வானொலி கேட்டனர். அச்சிறு கருவியின் உள்ளே நிலையான காந்தமொன்று சுழல்கின்றது. அதனைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் ஆடலோட்டம் தோன்றுகின்றது. இன்றைய மின்வாகனத்தின் மோட்டரும் அடிப்படையில் இதே வகையினதே. டைனமோவிற் சுழற்சி மின்னாகின்றது. மோட்டரில் மின் சுழற்சியாகின்றது. எனவே மின்வாகனத்தின் அடிப்படைத் தத்துவம் குடாநாட்டுக்கு முற்றிலும் அந்நியமாக வந்ததன்று. மிதியைச் சுழற்றிய சிறுவர்களின் கைகள் அதனை முன்னரே தொட்டிருந்தன.

பாதை திறந்தபின்

2002ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டு, ஏப்ரல் மாதம் ஏ 9 பாதை திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2009இற் போர் முடிவுற்றபின் பாதை மறுபடியும் திறந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இப்பாதைகளின் வழியே புதிய தலைமுறை வாகனங்களும் வந்துசேர்ந்தன.

உலக அரங்கில் அவ்வாகனங்களின் வரலாறு சிறிது முன்னரே தொடங்கியிருந்தது. ரொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் 1997ஆம் ஆண்டு திசெம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் கூடி இயக்கும் ஹைபிரிட் கார்களுள் பெருந்தொகையாக ஆக்கப்பட்ட முதற் கார் அதுவேயாகும். முழுமையாக மின்னால் ஓடும் நிசான் லீஃப் 2010ஆம் ஆண்டு திசெம்பரிலும், ரொயோட்டா அக்குவா 2011ஆம் ஆண்டு திசெம்பரிலும் வெளிவந்தன. யப்பானிற் சில காலம் ஓடிய இத்தகைய வாகனங்கள் 2010களில் இலங்கைக்கு மிகுதியாக இறக்குமதியாயின. இருபது ஆண்டுகளாகப் புதுப் பொறிகளைக் காணாதிருந்த ஒரு நிலப்பரப்பு, இடைப்பட்ட படிகள் பலவற்றைத் தாண்டி, மண்ணெண்ணெய்க் காரிலிருந்து மின்மோட்டருக்கு நேரே வந்துசேர்ந்தது. பிற இடங்களில் இரு தலைமுறைகளில் நிகழ்ந்த மாற்றத்தை இங்குள்ள திருத்துநர் தம் வாழ்நாளின் ஒரு பகுதியிலேயே எதிர்கொண்டனர்.

மோட்டரும் அதன் உணரிகளும்

ஹைபிரிட், மின்வாகனம் ஆகியவற்றின் மோட்டரில் நிலையான காந்தங்களைக் கொண்ட சுழலி, கம்பிச்சுருள்களைக் கொண்ட நிலையியினுள் சுழல்கின்றது. பற்றரியின் நேரோட்டத்தை இன்வேட்டர் என்னும் கருவி மூன்று அவத்தை ஆடலோட்டமாக மாற்றிச் சுருள்களுக்கு அனுப்புகின்றது. எந்தச் சுருளுக்கு எக்கணத்தில் மின்னை அனுப்புவது என்பதைச் சுழலி அக்கணம் நிற்கும் கோணமே தீர்மானிக்கின்றது. கோணம் பிழையாக அறியப்பட்டால் மோட்டர் நடுங்கும், வலிமை இழக்கும், அல்லது இயங்கவே மறுக்கும். ஆகவே சுழலியின் நிலையை அறியும் உணரியே மோட்டரின் கண் எனலாம்.

பிரியஸ், லீஃப் முதலிய கார்களில் இப்பணியைச் செய்வது ரிசொல்வர் எனப்படும் கோண உணரியாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பீரங்கிகளைக் குறிபார்த்துத் திருப்பும் பொறிகளிற் பயன்பட்ட கருவிகளின் வழித்தோன்றல் இது. போருக்கென வளர்ந்த ஒரு கருவி, போரினால் வாடிய மண்ணிற் பயணிகளைச் சுமக்கும் கார்களோடு வந்துசேர்ந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அதில் மூன்று சுருள்கள் உண்டு. ஒன்றுக்கு உயர் மீடிறன் கொண்ட ஆடலோட்டம் ஊட்டப்படும். ஏனைய இரண்டிலும் சுழலியின் கோணத்துக்கேற்ப சைன், கோசைன் வடிவிலான குறிகள் தோன்றும். அவ்விரண்டின் விகிதத்திலிருந்து கோணம் கணிக்கப்படுகின்றது. இலத்திரனியற் பாகம் எதுவும் அதனுள் இன்மையால் வெப்பத்தையும் எண்ணெயையும் அது தாங்குகின்றது.

மின்சைக்கிள், மின்முச்சக்கர வண்டி ஆகியவற்றில் பெரும்பாலும் ஹோல் உணரிகளே பயன்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் எட்வின் ஹோல் என்பார் 1879ஆம் ஆண்டு தாம் பல்கலைக்கழக மாணவராய் இருந்த காலத்திற் கண்டறிந்த காந்த விளைவே இவற்றின் அடிப்படை. ஒரு மோட்டரில் மூன்று உணரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒன்று அல்லது பூச்சியம் என்னும் குறியைத் தரும். அவை கூடித் தரக்கூடிய எட்டு நிலைகளுள் ஆறு மட்டுமே இயல்பானவை. மூன்றும் ஒருங்கே பூச்சியமாகவோ, ஒருங்கே ஒன்றாகவோ காட்டினால் ஓர் உணரியோ அதன் வயரோ பழுதென்பது உறுதி. இத்தகைய வண்டி சில வேளைகளில் நின்ற இடத்திலிருந்து புறப்படாது நடுங்கும். சிறிது தள்ளிவிட்டால் ஓடும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டு, உணரியின் வயர் ஒவ்வொன்றிலும் வோல்ற்றளவு ஏறி இறங்குகின்றதா என்று மல்ரிமீற்றரால் நோக்கினால் குறையுள்ள உணரி வெளிப்பட்டுவிடும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உருளையைச் சோதித்த பழைய முறைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

குறியீடும் காரணமும்

ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் தம் பழுதுகளைத் தாமே பதிந்து பொதுக் குறியீடுகளால் அறிவித்தல் வேண்டும் என்னும் விதி 1996இல் நடைமுறைக்கு வந்தது. அம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. இன்று ஸ்கானர் கருவியை வாகனத்திற் பொருத்தியதும் பழுதுக் குறியீடு திரையிற் தோன்றுகின்றது. எடுத்துக்காட்டாக, பி 0 ஏ 3 எஃப் என்னும் குறியீடு மோட்டரின் நிலையுணரிச் சுற்றிற் குறையுண்டு என அறிவிக்கின்றது. இதனைக் கண்டதும் உணரியே பழுதென முடிவுகட்டுவோர் உளர். ஆனால் குறியீடு கூறுவது சுற்றினை. அச்சுற்றில் உணரியின் சுருள் உண்டு; இணைப்பிகள் உண்டு; வயர் உண்டு; குறியைப் படிக்கும் இன்வேட்டர்ப் பகுதியும் உண்டு. நான்கில் எது நோய்முதல் என்பதைக் குறியீடு கூறுவதில்லை.

அதனை அறியும் வழி பழைய வழியேயாகும். வாகனத்தின் மின்னை முறைப்படி துண்டித்தபின், இன்வேட்டர்ப் பக்க இணைப்பியில் மூன்று சுருள்களின் தடையையும் அளத்தல் வேண்டும். உற்பத்தியாளரின் கைந்நூல் கூறும் அளவோடு அவை பொருந்தின் சுருளும் வயரும் அப்போதைக்கு நலமெனக் கொள்ளலாம். பொருந்தாவிடின் மோட்டர்ப் பக்க இணைப்பியில் மறுபடி அளத்தல் வேண்டும். அங்கே அளவு சரியாயின் குறை இடைப்பட்ட வயரிலோ இணைப்பியிலோ உள்ளது. அங்கும் பிழையாயின் குறை சுருளில் உள்ளது. சுருளுக்கும் வாகன உடலுக்கும் இடையே மின் கசிகின்றதா என்பதையும் சோதித்தல் வேண்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த குடாநாட்டில் உப்புக்காற்றால் இணைப்பிகளிற் களிம்பேறுதல் எளிது. பல வாகனங்களில் ரிசொல்வர் மோட்டரோடு ஒன்றாகவே பொருத்தப்பட்டுள்ளது, தனிப்பாகமாகக் கிடைப்பதில்லை. எனவே முடிவு பிழைத்தால், துடைத்தாற் தீரக்கூடிய குறைக்கு மோட்டர்த் தொகுதி முழுவதையும் மாற்ற நேரிடும். இங்கே பிழைக்கும் சரிக்கும் இடையிலான வேறுபாடு ஒரு குடும்பத்தின் பல மாத வருமானமாகும்.

தடையளவுகள் சரியாயிருந்தும் நடுக்கம் நீடித்தல் உண்டு. சைன் சுருளின் குறி கோசைன் சுருளின் குறியைவிட வலிமை குன்றினால் கணிக்கப்படும் கோணம் ஒவ்வொரு மின்சுற்றிலும் இருமுறை பிழைக்கும். இவ்விரு குறிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை எக்கோணத்திலும் மாறாதிருத்தல் வேண்டும் என்பது பாடசாலைத் திரிகோண கணிதம். தொகை ஏறி இறங்கினால் ஒரு சுருளோ, அதன் குறி செல்லும் வழியோ நோயுற்றது. க.பொ.த. உயர்தர வகுப்பிற் பரீட்சைக்கெனப் படிக்கும் சமன்பாடு திருத்துமிடத்தில் உயிர்பெறுவதை இங்கே காணலாம்.

மின்னோட்ட உணரிகளையும் இவ்வாறே சோதிக்கலாம். மூன்று அவத்தைகளின் ஓட்டங்களைக் கூட்டினால் எக்கணத்திலும் பூச்சியம் வருதல் வேண்டும். மோட்டர் மின்னின்றி ஓய்ந்திருக்கும்போது ஓர் உணரி ஓட்டம் உண்டெனக் காட்டினால் பொய்யுரைப்பது அவ்வுணரியே. வெப்பநிலை உணரியின் வயர் அறுந்தால், பலவகை உணரிகளில் திரை உறைநிலைக்கு மிகக் கீழான வெப்பநிலையைக் காட்டும். மார்கழிப் பனியிலும் நீர் உறையாத யாழ்ப்பாணத்தில் அவ்வெண்ணைக் கண்ட அறிவுடையோர் மோட்டரைக் கழற்றார், வயரையே தேடுவர். கருவி கூறுவதை ஊரறிவோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் பழுதறியும் கலையின் ஒரு பகுதியாகும்.

தொடரவேண்டியதும் விடவேண்டியதும்

பழைய மரபு முழுவதும் அப்படியே தொடரத்தக்கதன்று. ஒஸ்ரின் காரின் பற்றரி 12 வோல்ற்று. அதன் முனைகளை விரலாற் தொட்டாலும் தீங்கில்லை. 2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரி 201.6 வோல்ற்று, அது மோட்டருக்கென 500 வோல்ற்றுவரை உயர்த்தப்படுகின்றது. வீட்டு மின்னின் 230 வோல்ற்றோடு ஒப்பிட்டால் அதன் ஆபத்து விளங்கும். செம்மஞ்சள் நிறமிட்ட வயர்களை மின்காப்புக் கையுறையின்றித் தொடலாகாது. பாதுகாப்புச் செருகியை அகற்றியபின்னும் இன்வேட்டரின் கொள்ளளவிகளில் மின் எஞ்சியிருக்கும். கைந்நூல் கூறும் நேரம், பொதுவாகப் பத்து நிமிடம், காத்திருந்து, மின் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்த பின்னரே வேலை தொடங்குதல் வேண்டும். தொட்டறியும் பழக்கம் இங்கே உயிரைப் பறிக்கும். ஆகவே பழைய திருத்துநரின் கைப்பழக்கத்தை விட்டு, அவரது சிந்தனைப் பழக்கத்தைப் பேணுதலே இன்றைய தேவையாகும்.

அச்சிந்தனைக்கு மொழியும் ஒரு தடையாகின்றது. யப்பானிலிருந்து வந்த காரின் முகப்புத்திரை யப்பானிய மொழியில் எச்சரிக்கின்றது. ஸ்கானர் ஆங்கிலத்திற் குறியீட்டை விளக்குகின்றது. திருத்துநரோ தமிழிற் சிந்திக்கின்றார். இவ்விடைவெளியிற் காரணம் தொலைந்துபோகக் குறியீடு மட்டுமே எஞ்சுகின்றது. 

யாழ்ப்பாணம் இத்தகைய சூழ்நிலையை முன்னரும் சந்தித்துள்ளது. 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தை மானிப்பாயிற் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம் 1867இலும் கெமிஸ்தம் 1875இலும் அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தன. தமிழில் நோயறியக் கற்றோர் அந்நூல்களின் துணையோடு உருவாயினர். உடலின் நோய்முதலை அறிய அன்று தமிழ் போதுமானதாயிற்று எனின், பொறியின் நோய்முதலை அறிய இன்று அது போதாதெனக் கூறுவதற்கு நியாயமில்லை. தடை, ஆடலோட்டம், அவத்தை, மீடிறன், கொள்ளளவி ஆகிய சொற்கள் இலங்கையின் தமிழ்ப் பாடநூல்களில் ஏற்கனவே உள்ளன. அவை வகுப்பறையிலிருந்து திருத்துமிடத்துக்குச் செல்ல வேண்டியதே எஞ்சியுள்ளது.

2014ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கத் தொடங்கியது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீளத் திறக்கப்பட்டுள்ளது. இடையே 2022இன் எரிபொருள் நெருக்கடி, பெற்றோலை மட்டும் நம்பியிருத்தலின் ஆபத்தை நாடு முழுவதற்கும் உணர்த்திற்று. குடாநாட்டு மக்கள் அப்பாடத்தை 1990களிலேயே கற்றிருந்தனர். இனி வரும் மின்வாகனங்களின் எண்ணிக்கை பெருகுந்தோறும் அவற்றின் நோயறிவோரின் தேவையும் பெருகும்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் மாற்றுவதற்கு உதிரிப்பாகம் இருக்கவில்லை. ஆகையால் மனிதர் சிந்தித்தனர். இன்று உதிரிப்பாகம் உண்டு. குறியீட்டைச் சொல்லும் கருவியும் உண்டு. இவ்விரண்டும் கைக்கெட்டிய காலத்திற் சிந்தனை தளர்ந்துவிடின், வறுமையிற் பெற்ற செல்வத்தை வளத்தில் இழந்தவர்களாவோம். முதிய திருத்துநர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் பழுதறிந்த முறையைக் கேட்டு எழுதிவைத்தலும், அதனைப் புதிய மோட்டரின் இயல்போடு இணைத்து இளைஞருக்குத் தமிழிற் கற்பித்தலும் காலத்தாழ்வின்றிச் செய்யப்படவேண்டிய பணிகளாகும்.